பரம்பரை இட்லிக்காரர்

பசிக்குச் சாப்பிடுகிறவர்களை உங்களுக்குத் தெரியும். ருசிக்குச் சாப்பிடுகிறவர்களையும் தெரியும். டாக்டர் சொன்னதற்காக முகத்தைச் சுளித்துக்கொண்டு சாப்பிடுகிறவர் உங்கள் வீட்டிலேயே ஒருவர் இருப்பார். இந்த மூன்றிலும் சேராத ஒரு பிராணி உண்டு. அது காலைப் பலகாரத்தைத் தன் வம்சத்தின் சார்பில் சாப்பிடும். தட்டில் விழுந்த இட்லியை ஒரு விரலால் அமுக்கி, அது மறுபடி நிமிர்கிறதா என்று பார்த்து, நிமிரவில்லை என்று கண்டு, பெருமூச்சு விட்டு, சுவரைப் பார்த்தபடி "எங்க ஊட்டுல இப்படி இல்ல" என்று சொல்லும். சொன்ன பிறகுதான் வாயில் வைக்கும். அப்புறம் எட்டு இட்லி சாப்பிடும் என்பது வேறு விஷயம்.

இதற்குப் பரம்பரை இட்லிக்காரர் என்று பெயர் வைத்துக்கொள்வோம். சமவெளியில் விட்டால் பெரிதாகத் தொல்லை தராது. அங்கே வெயில் இருக்கிறது, மாவு யார் அரைத்தாலும் பொங்கிவிடும். மலைமேல் விட்டால்தான் வீட்டிலிருப்பவர்கள் பாடு திண்டாட்டம்.

ஏற்காடு கடைவீதியில் ஹார்டுவேர் கடை வைத்திருந்த பாலசுப்பிரமணியத்தை யாரோ அப்படி மலைமேல் விட்டுவிட்டார்கள். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் பிறந்தவர். கல்யாணமான கையோடு மேலே வந்து வாளி, கயிறு, கவாத்துக் கத்தி என்று விற்று, எஸ்டேட்டுகளில் நல்ல பெயரெடுத்து, சொந்தமாக ஓட்டு வீடும் கட்டிக்கொண்டார். எண்பதுகளின் நடுவில் இருபது வருஷம் முடிந்தது. ஆள் வந்தாரே தவிர வயிறு செவ்வாய்ப்பேட்டையிலேயே தங்கிவிட்டது.

கடைக்கு வருகிறவர்களிடம் என்ன வேண்டும் என்று கேட்பதற்கு முன்னால் காலையில் என்ன பலகாரம் என்றுதான் கேட்பார். பதிலை வைத்துக் குலம் கோத்திரத்தையே எடை போட்டுவிடுவார். தோசை என்றால் அவசரக் குடும்பம். உப்புமா என்றால் அன்றைக்கு வீட்டில் சண்டை. பூரி என்றால் புதுப்பணம். எஸ்டேட் ரைட்டர் ஒருவர் ரொட்டியும் வெண்ணெயும் என்று சொல்லப்போக, துரை போய் இத்தனை காலமாகியும் இவருக்கு விடுதலை கிடைக்கவில்லையே என்று நாலு பேர் எதிரில் வருத்தப்பட்டார். மாரமங்கலத்திலிருந்து மண்வெட்டி வாங்க வரும் மாதையன் களி என்றால் போதும், இவர் இழவு வீட்டுக்குப் போனவர் போல முகத்தை வைத்துக்கொள்வார். மாதையன் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே விலையைக் குறைத்துக் கேட்பார். பாலசுப்பிரமணியமும் பாவம் பார்த்துக் குறைத்துவிடுவார். அந்த வியாபாரத்தில் யார் ஏமாளி?

வீட்டுப் பாத்திரம் ஒவ்வொன்றிலும் 'ஏற்காடு பாலசுப்பிரமணியம்' என்று கொட்டை எழுத்தில் பெயர் வெட்டி வைத்திருந்தார். தம் வீட்டுப் பாத்திரம் தவறிக்கூட உப்புமாக் குடும்பத்தோடு கலந்துவிடக் கூடாது என்ற கவலைதான். இந்தப் பெயர் வெட்டிய விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஐப்பசி பிறந்து பனி இறங்கிவிட்டால் மலையில் இட்லி மாவு பொங்காது. சாயங்காலம் அரைத்து வைத்தது, விடியற்காலையில் வைத்தது வைத்தபடி, குளிரில் விறைத்துக் கிடக்கும். இது ஏரிக்கரையில் இட்லிக்கடை வைத்தவர்கள் முதல் எல்லாருக்கும் தெரியும். பாலசுப்பிரமணியத்துக்கு மட்டும் அது சீதோஷ்ணத்தின் குற்றமாகப் படவில்லை. மனைவி காமாட்சியின் குற்றமாகப் பட்டது. காமாட்சிக்குப் பிறந்த வீடு அடிவாரம். அங்கே காலையில் கம்மங்கூழ்.

"கூழு குடிச்ச கைக்கு மாவு எப்படிப் பொங்கும்?" என்பார். பனிக்காலம் முழுவதும், தினமும், முதல் இட்லியை அமுக்கிப் பார்த்த கையோடு. இப்படிச் சொல்ல ஒரு மனிதனுக்கு எவ்வளவு கொழுப்பு இருக்க வேண்டும், பாருங்கள். அவள் நாலு மணிக்கு எழுந்து பச்சைத் தண்ணீரில் கை வைக்கிறவள். இவர் ரேடியோவில் ஏழேகால் செய்தி முடிகிற வரை போர்வையை விட்டு மூக்கை நீட்டாதவர். அந்தப் போர்வையும் வீட்டில் இரண்டாவது நல்ல போர்வைதான். முதல் நல்ல கம்பளி மாவுப் பானைக்கு. மகள் அமுதா சின்ன வயதிலிருந்து பழைய சேலையைப் போர்த்திக்கொண்டு, அடுப்போரத்தில் கம்பளிக்குள் சொகுசாகத் தூங்கும் பானையைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தாள். சில ராத்திரி அந்தப் பானையாகப் பிறந்திருக்கலாம் என்றுகூட நினைத்திருக்கிறாள்.

அமுதாவுக்குக் கல்யாண வயது வந்தபோது அவளுக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. வரப்போகிறவன் கறுப்போ சிவப்போ, அவன் வாயிலிருந்து 'எங்க ஊட்டுல' என்ற வார்த்தை மட்டும் வரக் கூடாது. வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுவாள். ஆயுசு முழுக்க அம்மா கேட்டதைத் தானும் கேட்க அவளால் முடியாது. இதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அப்பாவுக்கு விளங்காது, அம்மாவுக்கு அழுகை வந்துவிடும்.

தை மாதத்தில் சேலத்தில் குகை என்கிற பகுதியிலிருந்து ஒரு இடம் வந்தது. வெல்ல மண்டி மாரியப்பன். ஒரே பையன் சென்றாயன், அப்பாவோடு மண்டியைப் பார்த்துக்கொள்கிறான். நல்ல நேரம் காலையில் இருப்பதால் முதல் பஸ்ஸுக்கே வந்துவிடுவதாகச் சொல்லியனுப்பினார்கள். பாலசுப்பிரமணியத்துக்குத் தலைகால் புரியவில்லை. பெண் பார்க்க வருகிறவர்களுக்கு ஊரெல்லாம் சொஜ்ஜி பஜ்ஜி கொடுக்கட்டும். அவர் வீட்டில் இட்லி. இட்லியைத் தின்றாலே குடும்பம் எப்படிப்பட்டது என்று தெரிந்துவிடும் அல்லவா?

காமாட்சி மாவு அரைக்கவா என்று கேட்டாள். வேண்டாம் என்றுவிட்டார். செவ்வாய்ப்பேட்டையில் இருக்கும் தம் அக்காவே அரைத்து அனுப்பட்டும் என்று, பெயர் வெட்டிய பெரிய எவர்சில்வர் தூக்குப்போசி ஒன்றைக் கண்டக்டர் ஆரோக்கியதாஸிடம் முந்தின நாளே கொடுத்தனுப்பினார். அக்காவும் அதே வம்சம்தானே? அளவு குறைந்தால் கௌரவம் என்னாவது என்று கழுத்துவரை ஊற்றி, மூடியை அடித்து இறக்கி, துணியால் இறுக்கிக் கட்டி, விடியற்காலையில் பஸ்ஸில் ஏற்றிவிட்டாள்.

ஆரோக்கியதாஸ் நல்ல மனிதர். பாத்திரம் உருளக் கூடாது என்று டிரைவருக்குப் பக்கத்தில், இன்ஜின் மேடையின் மேல், கதகதப்பான இடமாகப் பார்த்து வைத்தார். பெரியவர் ஆயிற்றே என்று அதற்கு அடுத்த சீட்டில் பட்டுக்கரை வேட்டியோடு வந்த ஒருவரை உட்காரவைத்தார். அந்தப் பெரியவர்தான் வெல்ல மண்டி மாரியப்பன்.

அடிவாரம் தாண்டியதும் இன்ஜின் திணற ஆரம்பித்தது. இன்ஜின் சூடேற ஏற, இருபது வருஷமாக மலையில் பொங்காத மாவெல்லாம் சேர்ந்துகொண்டது போல அந்தத் தூக்குப்போசிக்குள் பொங்கி மூடியைத் தள்ள ஆரம்பித்தது. கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் ஒவ்வொரு பக்கமாகச் சாய, வாந்திக்குப் பயந்து எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டு கண்ணை மூடியிருந்த மாரியப்பன், மடியில் ஏதோ வெதுவெதுப்பாக இறங்குவதை உணர்ந்தபோது காலம் கடந்துவிட்டது.

ஏரிக்கரையில் பஸ் நின்றது. விபூதியும் வெள்ளைச் சட்டையுமாகக் காத்திருந்த பாலசுப்பிரமணியத்தின் எதிரில், இடுப்பிலிருந்து கணுக்கால் வரை மாவு வழிய ஒரு மனிதர் இறங்கினார். கையில் தூக்குப்போசி. பின்னால் அவர் மனைவியும், சிரிப்பை அடக்கச் சிரமப்படும் ஒரு பையனும்.

"ஏற்காடு பாலசுப்பிரமணியம்னு போட்டிருக்குதுங்க. அது நீங்கதானுங்களா?" என்று மாரியப்பன் கேட்டார்.

அந்தப் பெயரில் ஊரில் இன்னும் பலர் இருப்பதாகச் சொல்லிவிடலாமா என்று பாலசுப்பிரமணியம் ஒரு கணம் யோசித்தார். சொந்தப் பெயரையே மறுத்தால் மகளை யார் பெயரில் கட்டிக்கொடுப்பது? நான்தான் என்று ஒப்புக்கொண்டார்.

மாரியப்பன் கோபப்படவில்லை. அப்படிப்பட்டிருந்தால் விஷயம் சுலபமாக முடிந்திருக்கும். அவர் வேட்டியிலிருந்து ஒரு சொட்டு மாவை எடுத்து, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தேய்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"உளுந்து பத்தாதுங்க," என்றார். "எங்க ஊட்டுல இப்படி அரைக்க மாட்டாங்க."

ஆமாம். அவரும் அந்த ஜாதிப் பிராணிதான்.

ஏரிக்கரையிலிருந்து வீடு வரைக்கும் இரண்டு பேரும் பேசியது உளுந்தைப் பற்றி மட்டும்தான். ஒருவர் தம் பாட்டன் காலத்து ஆட்டுக்கல்லை இழுத்தார். மற்றவர் தம் வீட்டு வெந்தயத்தை இழுத்தார். வீட்டுத் திண்ணையைத் தொடும்போது பாலசுப்பிரமணியத்தின் காது சிவந்திருந்தது. எங்க ஊட்டு மாவைக் குறை சொன்ன இடத்தில் சம்பந்தம் எப்படி என்று மனைவியைச் சமையலறையில் வைத்துக் கேட்டார். மகளின் கல்யாணம் ஒரு பிடி உளுந்தில் தொங்கியது. கதவுக்குப் பின்னால் புடவையும் பூவுமாக நின்ற அமுதா, பூவை எடுத்துவிடலாமா என்று கையைத் தூக்கினாள். இந்த மனிதர்களோடு மானத்தோடு பிழைக்கவே முடியாதா?

காமாட்சி ரவையை வறுத்துக்கொண்டிருந்தாள். கரண்டியை நிறுத்தாமல் சொன்னாள்:

"ஏனுங்க, பொங்கலை பொங்கலைன்னு இருபது வருசமாச் சொன்னீங்க. உங்க ஊட்டு மாவு நல்லாத்தானுங்க பொங்கியிருக்குது."

அவ்வளவுதான். பாலசுப்பிரமணியம் தாமே உப்புமாவுக்குத் தட்டுகளை எடுத்துத் துடைத்து வைத்தார். இருபது பனிக்காலத்துக்கு அது ஒரு வாக்கியம். ரொம்பச் சிக்கனமான பெண்.

உப்புமாவைத் தட்டில் வைத்து அமுதா கொண்டுபோனாள். தலையைக் குனிந்திருந்தாளே தவிர, காது முழுக்கப் பையனிடம்தான். பெரியவர் ஆரம்பித்துவிட்டார், அவர் வீட்டில் காலையில் ரவையையே உள்ளே விடமாட்டார்களாம். சென்றாயன் அப்பாவைப் பார்த்தான். தட்டைப் பார்த்தான். ஒரு வாய் சாப்பிட்டான். பிறகு காமாட்சியிடம் தட்டை நீட்டி, "இன்னும் கொஞ்சம் வைங்க" என்றான். வேறு ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டான், ஒரு முறைகூட அவன் வீடு நடுவில் வரவில்லை. அமுதாவுக்கு அழுகை வருகிற மாதிரி சந்தோஷமாக இருந்தது. பிடித்திருக்கிறது என்று அன்றே சொல்லிவிட்டாள். மாரியப்பனுக்கும் சம்மதம், வாழ்நாளெல்லாம் திருத்துவதற்கு ஒரு சம்பந்தி கிடைத்துவிட்டால் யார் விடுவார்கள்?

கல்யாணம் மாசியில் நடந்தது. குகையில் முதல் நாள் காலை. புழுக்கம். மாவு எந்தக் கம்பளியும் இல்லாமல் பானைக்கு மேலே எழுந்து நின்றது. மாமியார் பூப்போல இட்லியை எடுத்து வைத்து, சாம்பாரை ஊற்றினாள். பக்கத்தில் சென்றாயன். அமுதா நிம்மதியாக ஒரு விள்ளல் பிட்டுத் தோய்த்து வாயில் வைத்தாள். சாம்பார் இனித்தது. வெல்ல மண்டிக்காரர் வீடல்லவா, போட்டிருக்கிறார்கள்.

அவள் கையறியாமல், மனமறியாமல், நாக்கு தானாகச் சொல்லிற்று.

"எங்க ஊட்டுல சாம்பாருக்கு வெல்லம் போட மாட்டோங்க."

சென்றாயனின் கை தட்டுக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது. பெண் பார்க்க வந்த அன்று அவள் ஒரு வார்த்தையும் பேசாததை வைத்து அவனும் எதையோ நம்பிக் கழுத்தை நீட்டியிருந்தான் போலிருக்கிறது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், அதற்கென்ன. ஆனால் சாம்பாரில் வெல்லம் என்று மேலே படித்த உடனே, "எங்கள் வீட்டில் துளி போடுவோமே, அதிலென்ன?" என்றோ, "சே, எங்கள் வீட்டில் அந்தப் பழக்கமே கிடையாது" என்றோ உள்ளுக்குள் ஒரு குரல் கேட்டதா இல்லையா? கேட்டிருந்தால் வெளியே சொல்லாதீர்கள். பக்கத்தில் யாரோ உங்களுக்கு இலை போட்டுக்கொண்டிருக்கிறார்கள், அவர்கள் காதில் விழுந்துவிடும்.