மோட்டார் முனுசாமி திரும்பி வருகிறார்

திருப்பாதிரிப்புலியூர்,
செவ்வாய்க்கிழமை.

பெருமதிப்புக்குரிய வைத்திலிங்கம் மாமாவுக்கு, உங்கள் அக்கா மகன் இளவரசு கால்தொட்டு எழுதுவது. இங்கு நான் நலம். நீங்கள் உயிரோடு இருப்பது எனக்கு உறுதியாகத் தெரியும். நலமாகவும் இருக்க வேண்டுகிறேன்.

இருபது நாளாக என் போனை நீங்கள் எடுப்பதில்லை. அதனால் கடிதம். தபால் தாமதமாகும் என்று சிதம்பரம் பஸ் கண்டக்டர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

மாமா, செய்தி வந்துவிட்டது! காலையில் சேனலிலிருந்து பேசினார்கள். ஒரே கேள்வி. "முனுசாமி எங்கங்க?" நம் கார்ட்டூன் தொடர் 'ஆறு வீட்டு மாடி'யில் குடியிருக்கும் ஆறு குடும்பத்தையும் யாரும் கேட்கவில்லை. அவர்கள் மாடியின் தண்ணீர் மோட்டாரை விதவிதமாகத் திருடும் மோட்டார் முனுசாமியைத்தான் கேட்கிறார்கள். உங்கள் குரலை. சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் முப்பது வருடம் வண்டி நேரம் சொன்ன குரல். வியாழக்கிழமை ராத்திரிக்குள் முனுசாமி திரும்பி வரும் எபிசோட் போய்ச் சேர்ந்தால் இரண்டாம் சீசன். இல்லையென்றால் ஸ்டுடியோவை மூடுவோம். பாத்திரக்கடை மாடியில் ஓர் அறை, இரண்டு கம்ப்யூட்டர், ராபர்ட், நான். அவ்வளவுதான் ஸ்டுடியோ. ஆனாலும்.

நடந்ததற்கு நானே பொறுப்பு. முனுசாமியைக் கொன்றது நான். தத்துவம் எம்.ஏ. படித்தவன். எந்தத் தீமைக்கும் ஒரு முடிவு வேண்டும் என்று எழுதிவிட்டேன். மோட்டாரோடு வெள்ளாற்றில் மூழ்குகிறான். குமிழி. மௌனம். முடிந்தது. படம் வரையும் ராபர்ட் விளம்பரத்துக்காகக் கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் வைக்கலாம் என்றான். சிரித்தேன். அந்தச் சிரிப்பைத்தான் இருபது நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஃப்ளெக்ஸ் கடைக்காரர் கார்ட்டூனைப் பார்த்துவிட்டு, "செத்தவருக்கு மரியாதை வாணாமா தம்பி? பொம்மையப் போட்டா அவுங்க வீட்ல என்னா நெனப்பாங்க? நல்ல போட்டோ குடு" என்று கேட்டிருக்கிறார். ராபர்ட்டிடம் இருந்தது உங்கள் பொண்ணு ஸ்ரீமதி கல்யாணத்தில் நீங்கள் சந்தனம் பூசி நிற்கும் போட்டோ. கொடுத்துவிட்டான். பெயர் கேட்டாராம். உங்கள் பெயரையே கொடுத்தான். 'வெள்ளாற்றில் மூழ்கி எங்களை ஆறாத் துயரில் ஆழ்த்திய' என்ற வரி மட்டும் என்னுடையது. போயும் போயும் சேத்தியாத்தோப்பு சந்தையில், ஸ்ரீமதியின் மாமனார் சாமிக்கண்ணு வாரம் தவறாமல் மாடு பார்க்க வரும் இடத்தில், அதைக் கட்டினார்கள்.

அப்புறம் நடந்ததை அத்தை சொல்லித்தான் தெரியும். மங்கலம்பேட்டையிலிருந்து வேன். இருபது பேர். ரோஜா மாலை, சம்பந்தி முறைக்குக் கோடி வேட்டி. பொம்பளைங்க தெருமுனையிலேயே தலைய விரிச்சுப் போட்டு அழுதுகிட்டு வர, நீங்க கையில வாழைக்காய் பஜ்ஜியோட கதவத் தொறந்து, "வாங்க சம்மந்தி, என்னா எல்லாரும் சேந்து? யாருக்கு என்னா?" என்று கேட்க, சாமிக்கண்ணு மாமா, "ஒங்களுக்குத்தான் சம்மந்தி" என்று சொல்லிவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாராம்.

அது வரைக்கும் நீங்கள் சிரித்தீர்களாம். அத்தை இருபது பேருக்கும் உப்புமா கிண்டினார். ஆனால் சாவுக்கென்று கிளம்பி வந்த வீட்டில் கை நனைக்கலாமா என்று அவர்களுக்குள் குசுகுசு. ஒருவரும் சாப்பிடவில்லை. கடைசியில், சாவு வீட்டிலிருந்து கிளம்பும்போது சொல்லிக்கொள்ளக் கூடாதே. நீங்கள் உயிரோடு வாசலில் நிற்கிறீர்கள். அவர்கள் ஒவ்வொருவராக, தலை குனிந்து, ஒரு வார்த்தை சொல்லாமல் வேனில் ஏறிப் போனார்கள்.

"பொண்ணு குடுத்த வீட்டுக்காரங்கடி. ஒருத்தன் 'போய்ட்டு வரேன்'னு சொல்லல. நான் நிக்கிறேன், பாத்துக்கிட்டே போறான்" என்று ராத்திரி பூரா பொலம்பினீங்களாமே. அன்றிலிருந்து மைக் பக்கமே வர மாட்டேன் என்கிறீர்கள்.

மாமா, இதைக் கேளுங்கள். முனுசாமியை எப்படித் திரும்பக் கொண்டுவருவது என்று தெரியாமல் நேற்று அந்தச் சாவுக் காட்சியை மறுபடி கேட்டேன். நான் எழுதியது வெறும் குமிழிதான். ஆனால் மூழ்கும்போது ஒரு குரல். "சரிப்பா, போய்ட்டு வரேன்!" அது ஸ்கிரிப்ட்டில் இல்லை. நீங்களாகச் சொன்னது. பழக்கம். எங்கிருந்தும் சொல்லாமல் கிளம்பத் தெரியாது உங்களுக்கு.

ராபர்ட் நாற்காலியிலேயே குதித்தான். "டேய், மாமா சொல்லிட்டுதாண்டா போயிருக்காரு! அப்ப வந்துதான ஆவணும்?"

அதுதான் எபிசோட் மாமா! ஆற்றிலிருந்து எழுந்து, ஈர மோட்டாரோடு, ஆறு வீட்டுக் கதவையும் தட்டி ஒரே வசனம்: "சொல்லிட்டுத்தான போனேன்?" வேறு யார் குரலிலும் அது பொய். வியாழன் காலை முதல் பஸ்ஸில் வாருங்கள். ஸ்டாண்டிலேயே நிற்பேன். இனி யாரையும் கொல்ல மாட்டேன். ஃப்ளெக்ஸ் என்ற பேச்சே இந்த ஸ்டுடியோவில் எழாது. இது என் எம்.ஏ. மீது சத்தியம்.

அத்தைக்கு என் வணக்கம். அந்தக் கோடி வேட்டியை யார் கண்ணிலும் படாமல் வைக்கச் சொல்லவும். நூறு வயது, அதற்கு மேலும் நீங்கள் இருக்க வேண்டும்.

பணிவோடு,
இளவரசு

பி.கு.: கவரை ஒட்டப் போகும்போது ராபர்ட் வந்தான். உங்கள் மனம் குளிரட்டும் என்று, என்னைக் கேட்காமல், அதே கடையில், அதே போட்டோவோடு, 'மீண்டும் வருகிறார் வைத்திலிங்கம்' என்று அதே சந்தையில் ஃப்ளெக்ஸ் கட்டிவிட்டானாம். மங்கலம்பேட்டையிலிருந்து வேன் கிளம்பிவிட்டது. இந்த முறை மேளத்தோடு. எந்த மேளம் என்று அவன் கேட்கவில்லை. மாமா, இந்தக் கடிதம் அவர்களுக்கு முன்னால் வந்து சேர்ந்தால், தயவுசெய்து வாசலில் நிற்காதீர்கள். நேரே பஸ் ஏறிவிடுங்கள். அத்தையிடம் மட்டும் சொல்லிக்கொண்டு.