ஏழாம் அத்தியாயத்துக்கு நாலு பின்

ஆறு மணிக்கு எழுந்தார். பால் காய்ச்சினார். சட்டையின் முன்பக்கத்தை மட்டும் தேய்த்தார். முதுகை யார் பார்க்கப் போகிறார்கள். ஏழரைக்குப் பேருந்து. எட்டரைக்குக் கல்லூரி.

விரிவுரையாளருக்கு அன்று முக்கியமான நாள். முதல்வரம்மா வகுப்பில் வந்து உட்காரப் போகிறார். அவர் தலையசைத்தால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

கல்லூரி மேசையில் திருத்தாத அசைன்மென்ட் கட்டு. அதன் மேலே தட்டச்சு செய்த ஒரு தாள்.

'எண்: 23. நாவலின் ஏழாம் அத்தியாயத்தை வகுப்பில் விவாதிக்கக் கூடாது. மாணவர் கண்ணிலும் படக் கூடாது. காரணம் கேட்க வேண்டாம். - முதல்வர்.'

அவர் காரணம் கேட்கவில்லை. நூலகத்துக்கு ஓடி, முப்பது பிரதிகளிலும் ஏழாம் அத்தியாயத்தைச் சேர்த்து ஸ்டேப்ளர் அடித்தார். கட்டைவிரல் வீங்கியது.

தனக்குப் பிடிக்காத பக்கங்களை அரசாங்கமே கிழித்துப் போடும் ஓர் ஊரைப் பற்றிய நாவல் அது. அதுவரை வகுப்பில் ஒருவரும் அட்டையைத் தாண்டியதில்லை. அன்று பிரதிகள் கைக்கு வந்ததும் முப்பது பேரும் நேராக ஏழுக்குப் போனார்கள்.

"இதுல என்ன சார் இருக்கு?" என்றான் கடைசி பெஞ்சு நெட்டையன்.

"ஒண்ணுமில்லை."

"ஒண்ணுமில்லாததுக்கா சார் நாலு பின்னு?"

அவன் பக்கத்தில் இருந்த முதல்வரம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அது... அச்சுப்பிழை."

"முப்பது புத்தகத்துலயும் ஒரே எடத்துலயா?"

"அச்சகம் ஒண்ணுதானேப்பா."

"அப்ப நாங்களே திருத்திக்கிறோம் சார்."

டக். எங்கோ ஒரு பின் கழன்றது. டக், டக். தகரக் கூரையில் தூறல் விழுந்த மாதிரி.

"நிறுத்துங்க! அது பெரியவங்க படிக்கிறது!"

தூறல் அடைமழையானது.

"எங்களுக்கு இருபது வயசு சார்."

"இன்னும் பெரியவங்க."

"முதல்வரம்மா படிக்கலாமா சார்?"

"எனக்கும் ஒண்ணு குடுங்க," என்றார் முதல்வரம்மா.

பேச்சை மாற்ற, விரிவுரையாளர் கரும்பலகைப் பக்கம் திரும்பினார். தேய்க்காத முதுகைப் பார்த்து வகுப்பு குலுங்கியது.

முதல்வரம்மா எழுந்து முன்னால் வந்தார். "என்ன சார் இது? தடையைத் திட்டுற நாவலுக்கே தடையா? யார் சொன்னது?"

சோதிக்கிறார் என்று நினைத்தார் இவர். குரலைத் தாழ்த்தினார். "நீங்கதான் மேடம்." தாளை நீட்டினார்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "இதுல என் கையெழுத்தே இல்லையே. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"கேக்க வேண்டாம்னு போட்டிருந்துச்சு மேடம்."

முதல் பெஞ்சில் ஒரு கை மெல்ல உயர்ந்தது. வகுப்பு அவளுக்கு வைத்த பெயர் பேசாமடந்தை. வருகைப் பதிவுக்கு "உள்ளேன்" சொன்னதைத் தவிர வருடம் முழுக்க வாய் திறந்ததில்லை. எழுந்து நின்றாள்.

"அது என் அசைன்மென்ட் சார். 'யாரும் எதிர்த்துக் கேக்காம கீழ்ப்படியற மாதிரி ஒரு தடை உத்தரவு எழுதிட்டு வாங்க'ன்னு போன வாரம் சொன்னீங்களே? இருபத்துமூணு என் ரோல் நம்பர். முழு மார்க்குதானே சார்?"