பதினைந்தாம் தலம்

உலகத்திலுள்ள கோயில்கள் எல்லாவற்றிலும் சிலுவைப்பாதைக்குப் பதினான்கு தலங்கள்தான். எங்கள் ஊர் ஓலைத்தொடுவாயில் மட்டும் பதினைந்து. பதினைந்தாவதற்கு மீசை உண்டு. இடுப்பில் சாரம் கட்டிக்கொண்டு கடற்கரையில் கிழிந்த வலை பொத்தும்.

அவருடைய உண்மைப் பெயரைச் சொன்னால் ஊரில் யாருக்கும் தெரியாது. தவக்கால வெள்ளிக்கிழமைகளில், பதினான்காம் தலத்தில் ஆண்டவரை அடக்கம் செய்துவிட்டு, கோயில் வாசலில் ஊற்றப்போகும் கஞ்சியை நினைத்தபடி நாங்கள் எழும்புவோம். அவரோ கலண்டர் தாளொன்றை விரித்துக்கொண்டு முழந்தாளிலேயே நிற்பார். ஊரில் இறந்தவர் எல்லாருடைய பெயரும் அதில் இருக்கும். ஒவ்வொரு பெயருக்கும் நாங்கள் “இரக்கம் வையும்” என்று சொல்ல வேண்டும். கடலில் போனவர், காய்ச்சலில் போனவர், பனையால் விழுந்தவர்... முடிவதற்குள் கஞ்சி ஆறி, முழங்கால் மரத்துவிடும்.

ஒருமுறை கனடாவிலிருந்த சூசையின் பெயரையும் வாசித்துவிட்டார். தாய் பதறிப்போனாள்.

“என்ர பிள்ளை உயிரோட இருக்கிறான்!”

“மூண்டு வருசமா உங்களுக்கு ஒரு போன் எடுக்கேல்லையே அக்கா. பிறகென்ன உயிர்?”

செய்தி கனடாவுக்குப் போய், அடுத்த நாளே சூசை கொதித்துக்கொண்டு தாய்க்குப் போன் எடுத்தான். பதினைந்தாம் தலம் கடற்கரை முழுக்க ஓடினார்.

“உயிர்த்திட்டான்! ஈஸ்டருக்கு முந்தியே உயிர்த்திட்டான்!”

நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். போன வருடத் தவக்காலத்தில், ஊரே ‘மாஸ்டர்’ என்று கூப்பிடும் என் முறை வந்தது.

என் தம்பி உயிலங்குளத்தில் இருக்கிறான். எங்கள் இருவருக்கும் பொதுவான பங்குக் கிணறு ஒன்றால் வந்த சண்டையில் நாங்கள் பேச்சை விட்டோம். பிழை என்னுடையது. அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் பேசாமலிருந்தேன்.

“எங்கட மாஸ்டற்ற ஆத்துமாவுக்காக...” என்று பதினைந்தாம் தலம் தாளிலிருந்து வாசித்தார்.

பழக்கத்தில் சனம் “இரக்கம் வையும்” என்றது. முன்வரிசையில் முழந்தாளில் நின்ற நானும் சொல்லிவிட்டேன். பிறகுதான் உறைத்தது. துள்ளி எழும்பினேன்.

“டேய், நான் சாகேல்ல!”

“தம்பியோட கதைச்சு எத்தினை வருசம், மாஸ்டர்?”

“பதினொண்டு. அதுக்கு?”

“அவருக்கு நீங்கள் செத்துப் பதினொரு வருசம். நான்தான் பிந்திப்போனன்.”

கோயிலே சிரித்தது. நாற்பது வருடம் பிள்ளைகளுக்கு நல்லொழுக்கம் படிப்பித்த நான், பீடத்துக்கு முன்னால் அந்தத் தாளைப் பறித்து நாலாகக் கிழித்தேன். ஊரின் இறந்தவர்கள் அத்தனை பேரையும் சேர்த்துத்தான்.

மறுநாள் காலை வாசலில் ஓர் ஓட்டோ. என் ஆத்துமாவுக்கு மன்றாடினார்கள் என்ற பாதிச் செய்தி மட்டும் உயிலங்குளத்துக்குப் போயிருந்தது. தம்பி மலர்வளையத்தோடு இறங்கித் தலையில் அடித்தான்.

“அண்ணை! கதைக்காமலே போயிட்டீங்களே அண்ணை!”

நான் புட்டுக் கோப்பையோடு வாசலுக்கு வந்தேன். அவன் வாய் திறந்தபடி நின்றது.

“அண்ணை... சாகேல்லையோ?”

“இன்னும் இல்லையடா. கிணத்து விசயத்தில பிழை என்ரதான். உள்ளுக்கு வா.”

இவ்வளவுதான். இதைச் சொல்லத்தான் எனக்குப் பதினொரு வருடம் பிடித்தது. கட்டிப்பிடித்தபோது புட்டெல்லாம் மலர்வளையத்தில் கொட்டுண்டது.

பின்னேரம் மன்னிப்புக் கேட்கப் போனேன். பதினைந்தாம் தலம், மிஞ்சிய கஞ்சியைப் பசையாக்கிக் கிழிந்த தாளை ஒட்டிக்கொண்டிருந்தார். என்னை வாய் திறக்க விடவில்லை.

“தம்பி வந்தவரோ?”

“வந்தவன்.”

அழிறப்பரை எடுத்து என் பெயரை அழித்தார்.

“உங்களை மட்டும் பென்சிலாலதான் எழுதினனான், மாஸ்டர்.”

எனக்கு எண்பது நடக்கிறது. அவர் என்னிலும் இளையவர். இந்தத் தவக்காலத்தில் நான் கேட்பது ஒன்றுதான்: அவருக்கு முந்தி நான் போக வேண்டும். என் பெயரைப் பேனையால் எழுதி வாசிக்க அவர் இருக்க வேண்டும்.