மணாலிக்குப் போகிற வழியில் திருச்சி

"கிட்டத்தட்ட மூவாயிரம் கிலோமீற்றர், மாஸ்டர்," என்று மூன்றாவது தடவையாகத் தொலைபேசியில் விளங்கப்படுத்தினார் யோகராஜா. "மணாலி மேல, இமயமலையில. திருச்சி கீழ."

"அது விளங்குது தம்பி," என்றார் சபாரத்தினம் மாஸ்டர். "ஆனா ரெண்டும் இந்தியாதானே?"

இந்தியாதான். இல்லை என்று யாரால் சொல்ல முடியும்? லண்டனில் இருக்கிற யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு இந்தியா என்றால் சென்னையில் நாலு சேலைக்கடை, திருச்சியில் நாலு சொந்தக்காரர், அவ்வளவுதான். அதற்கு மேலே வரைபடத்தில் இருக்கிறதெல்லாம் சும்மா கிடக்கிற வளவு.

"ஒரு சின்னப் பார்சல்தான். அங்க என்ர மருமகள் ஒருத்தி இருக்கிறாள். குடுத்துவிட்டால் காணும்."

"டெல்லியில இறங்கின உடன தபாலில போட்டுவிடுறன், மாஸ்டர்."

"ஐயோ, உடையிற சாமான் தம்பி! கையிலதான் குடுக்கோணும்."

"நான் போறன் எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?"

"உதெல்லாம் காத்தில வாற கதைதானே," என்று சொல்லி மாஸ்டர் போனை வைத்துவிட்டார்.

யோகராஜாவுக்கு அறுபத்து நாலு வயது. முப்பத்தொரு வருசம் ஒரு பெற்றோல் நிலையத்தின் கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்துவிட்டு, போன மாசிதான் ஓய்வு பெற்றார். அவ்வளவு காலமும் அவர் கண்ட ஒரே மலை, நிலையத்துக்குப் பின்னால் குவித்து வைத்திருந்த பழைய ரயர் மலைதான். ஒருநாள் லண்டன் பிளேஸ்டோ வீட்டு சோபாவில் கிடந்து போனைத் தள்ளிக்கொண்டிருந்தபோது மணாலி வந்தது. சலசலவென்று பியாஸ் ஆறு, கரையில் தேவதாரு மரங்கள், அதற்குப் பின்னால் வெள்ளை வெளேரென்று பனிமலை. மனிதர் எழும்பி உட்கார்ந்துவிட்டார். தனக்கென்று ஒன்றைக் கேட்டுப் பழகாத வாய் அன்றைக்குத் திறந்தது.

"மலர், சாகிறதுக்கு முதல் இதை ஒருக்காக் கண்ணால பாக்கோணும்."

அவருடைய மனைவி செல்வமலர் குசினிக்குள் இருந்து எட்டிப் பார்த்தார். "எங்க, இந்தியாவோ?"

"ஓம்."

செல்வமலர் கொஞ்சம் யோசித்தார். "போவமே," என்றார்.

அன்றைக்கே பத்து நாள் திட்டம் ஒன்று எழுதி ஃபிரிஜ்ஜில் ஒட்டியாயிற்று. தேவதாருக் காட்டுக்குள் இருக்கிற இடும்பி கோவில், சோலாங் பள்ளத்தாக்கில் கம்பி வண்டி, மணிகரணில் சோறு வேகிற அளவுக்குக் கொதிக்கிற வெந்நீர் ஊற்று, நக்கரில் மரக்கோட்டை. எல்லாவற்றுக்கும் மேலே ரோத்தாங் கணவாய். ரோத்தாங்குக்கு மட்டும் சிவப்புப் பேனையால் இரண்டு கோடு.

இப்போது அந்தக் கடதாசிக்கு முன்னால் நின்று யோகராஜா தலையைச் சொறிந்தார்.

"பாவம், வயசுபோன மனிசன்," என்றார் செல்வமலர். "உங்களுக்கு விருப்பமில்லாட்டிச் சொல்லுங்கோ, நான் எடுத்து ஏலாதெண்டு சொல்லுறன்."

"சீச்சீ, வேண்டாம்."

எப்படி ஏலாதென்று சொல்வது? முப்பது வருசமாக அவர் சாப்பிட்ட மிளகாய்த்தூள் முழுக்க யாரோ ஒருவருடைய பெட்டிக்குள், யாரோ ஒருவருடைய உடுப்புகளுக்கு நடுவில் மணத்துக்கொண்டு வந்தது. 'சின்னப் பார்சல்' என்று ஒருவர் கேட்டபிறகு மறுத்த தமிழன் லண்டனில் யாராவது இருந்தால், அவனுக்கு ஒரு சிலை வைக்கலாம். திருச்சிக்குப் போக ஒருநாள், திரும்ப ஒருநாள். மணிகரணையும் நக்கரையும் யோகராஜா வெட்டினார்.

"ஒண்டு சொல்லிப்போட்டன் மலர். திருச்சி எண்டவுடன உம்மட தங்கச்சி வீட்டுப் படியை நான் மிதிப்பன் எண்டு நினையாதையும்."

"நான் இப்ப என்னப்பா கேட்டனான்?"

அவர் ஒன்றும் கேட்கவில்லைதான். தங்கை சுசிலாவின் கணவர், அதாவது யோகராஜாவின் சகலன், இருபது வருசத்துக்கு முன்னர் ஏதோ ஒரு வாக்குவாதத்தில், "லண்டனில கோப்பை கழுவுற ஆளோ எனக்குப் புத்தி சொல்லுறது?" என்று போனில் கேட்டுவிட்டார். கோப்பை கழுவுவதை விட்டு அப்போது பதினொரு வருசம். அதுதான் யோகராஜாவுக்குச் சுட்டது. அதோடு போக்குவரத்து அறுந்து போயிற்று. அக்காவும் தங்கையும் அதற்குப் பிறகு முகம் பார்த்ததெல்லாம் போன் திரையில்தான்.

மாஸ்டரின் சின்னப் பார்சல் இரண்டு நாளில் வந்து சேர்ந்தது. சுற்றிவரப் பழுப்பு நாடா ஒட்டிய பெட்டி, ஒன்பது கிலோ. காரில் இருந்து இறக்க இரண்டுபேர் வேண்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை ஆர்ச்வே முருகன் கோவிலில் யோகராஜா கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டு நின்றார். திறந்தால் முன்னால் துசியந்தி. பிளேஸ்டோவில் அடுத்த தெருவில் இருக்கிற பெண். கையில் ஒரு பை.

"அண்ணை, திருச்சிக்குப் போறியளாமே!"

"மணாலிக்கு, பிள்ளை. திருச்சியில ஒரு நாளும் முழுசா இல்லை."

"ஐயோ, ரவிக்கை தைக்க ஒருநாள் காணாதே அண்ணை. மூண்டு சேலை இருக்கு. அங்கத்தைத் தையல்காரர் நாலு நாளாவது கேப்பார். தங்கச்சியின்ர கலியாணம் வருதெல்லோ."

"அளவு பாக்க நீர் அங்க நிக்கோணுமே?" என்று யோகராஜா ஒரு சட்டப் பிரச்சினையைக் கண்டுபிடித்தார்.

"அதுக்கென்ன, அக்காவுக்கும் எனக்கும் ஒரே அளவுதானே!"

துசியந்தி செல்வமலரில் சரிபாதி. ஆனால் முருகன் சந்நிதியில் நின்று பெண்களின் அளவைப் பற்றி வாதாட எந்த ஆம்பிளைக்குத் துணிவு வரும்? யோகராஜா பக்கத்தில் நின்ற மனைவியைப் பார்த்தார். செல்வமலர் கண்ணை இறுக மூடி முருகனைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து சோலாங்கையும் இடும்பியையும் வெட்டினார். "கும்பிடுறதெண்டால் இடும்பியென்ன, முருகனென்ன," என்று தன்னைத்தானே ஆற்றிக்கொண்டார். "ஆனா மலர், இனி ஒரு குஞ்சுக்கும் சொல்லிப்போடாதையும்!"

"நான் ஆருக்கப்பா சொல்லப்போறன்?"

பெட்டியை நிறுத்துப் பார்த்தால் தராசு ஓலமிட்டது. ஹவுன்ஸ்லோவில் இருக்கிற நிர்மலனுக்கு விமான நிலையத்தில் வேலை. அவனிடம் கேட்டால் வழி சொல்வான் என்று யோகராஜா போன் எடுத்தார்.

"டெல்லி ரிக்கற்றில ஒரு பெட்டிதான் அண்ணை," என்றான் நிர்மலன். "சென்னைக்கு மாத்துங்கோ, ரெண்டு பெட்டி விடுவாங்கள்."

அருமையான யோசனை! சென்னைக்குப் போய், திருச்சி வேலையை முடித்துக்கொண்டு, அங்கிருந்து விமானத்தில் ஏறி ரோத்தாங் ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு வந்தால் ஆயிற்று. டிக்கெட்டை மாற்றிவிட்டு, தன் கெட்டித்தனத்தைத் தானே மெச்சிக்கொண்டு யோகராஜா தேத்தண்ணி குடித்தார். ஞாயிற்றுக்கிழமை வாசலில் நிர்மலன் நின்றான். கையில் ஒரு பெரிய பெட்டி.

"ரெண்டாவது பெட்டியில இடம் கிடக்கும்தானே அண்ணை? ரைஸ் குக்கர். திருச்சியில மாமிக்கு."

"இந்தியாவில சோறு சமைக்க லண்டனிலயிருந்தோ குக்கர்?"

"மாமிக்கு லண்டன் சாமான் எண்டால் உயிர்."

"பிளக் அங்க பொருந்தாதடா!"

"அதுக்கும் ஒண்டு வாங்கி உள்ளுக்க வைச்சிருக்கு," என்றான் நிர்மலன், மிகவும் பொறுப்பாக.

குக்கருக்கு இடம்விட வேண்டி, யோகராஜாவின் கம்பளிச் சட்டைகள் வெளியே வந்தன. பிறகு கையுறை வந்தது. கடைசியில், வாங்கி ஒருதடவைகூடப் போடாத பனிச் சப்பாத்தும் வந்தது. "ரோத்தாங்கில வாடகைக்கு எடுக்கலாமாம்," என்று சொல்லிக்கொண்டு அவரே அதை அலுமாரிக்குள் வைத்தார்.

அடுத்த பிரச்சினை அவருக்கே தோன்றியது. "மலர், ரவிக்கை தைச்சு முடியுமட்டும் இவ்வளவு சாமானையும் எங்க வைக்கிறது? ஹோட்டலில வைச்சிட்டு நாங்கள் ரோத்தாங் போனால், துலைஞ்சால் ஆர் பொறுப்பு?"

"தெரியேல்லையப்பா." செல்வமலர் முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்.

யோகராஜா அறைக்குள் அங்குமிங்கும் நடந்தார். சனத்தின் சாமான். ஒன்று குறைந்தாலும் முருகன் கோவில் பக்கம் தலைகாட்ட ஏலாது. நடந்து களைத்து நின்றார்.

"உம்மட தங்கச்சி வீட்டில வைச்சால் என்ன?"

தொட்டிக்குள் ஒரு கரண்டி விழுந்தது.

"உங்களுக்குச் சரியெண்டால்," என்றார் செல்வமலர் திரும்பாமலே, "எனக்கு ஒண்டுமில்லை."

சகலனுக்கு யோகராஜா தானே போன் எடுத்தார். கறாராக ஒரு நிமிசம், சாமான் விசயம் மட்டும் கதைப்பதாகத்தான் ஏற்பாடு.

"அண்ணையோ?" என்றது திருச்சி. பிறகு மூக்கை உறிஞ்சுகிற சத்தம். "அண்டைக்கு வாய்தவறிச் சொல்லிப்போட்டன் அண்ணை. சொன்ன நாளில இருந்து நிம்மதி இல்லை. எடுத்துக் கதைக்க வெக்கமாயிருந்தது. ஒரு நாள் ரெண்டு நாள் எண்டு வந்தால் விடமாட்டன், சொல்லிப்போட்டன்!"

"இல்லை தம்பி, பத்து நாளும் உங்களோடதான் நிக்கிறம்," என்று யோகராஜாவின் வாய் தன்பாட்டில் சொல்லிவிட்டது.

போனை வைத்தபிறகுதான் ஃபிரிஜ் கண்ணில் பட்டது. சிவப்புக் கோடு இரண்டும் அப்படியே கிடந்தன. பேனையை எடுத்து ரோத்தாங்கையும் வெட்டினார்.

"மலர், நான் ஒரு முடிவெடுத்திட்டன்," என்றார், மந்திரிசபையைக் கூட்டி அறிவிக்கிற மாதிரி. "மணாலி அடுத்த வருசம்."

"நீங்கள் எப்பிடிச் சொல்லுறியளோ அப்பிடி."

அன்று பின்னேரம் தனியே இருந்து அந்தப் பனிமலை வீடியோவை நாலு தடவை பார்த்தார். அழுகை வந்தது. அடக்கிக்கொண்டார். தன் முடிவுக்குத் தானே அழுவதற்கு என்ன நியாயம்?

புறப்படுகிற நாள் விமான நிலையத்தில் பெட்டி வாங்குகிற மேசையில் இருந்தது ஒரு தமிழ்ப் பிள்ளை. நெஞ்சில் றூபினி என்று எழுதியிருந்தது.

"பெட்டியெல்லாம் நீங்கள்தானே பாக் பண்ணினது, அங்கிள்?"

ஓம் என்று ஒரு சொல் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் சீருடையில் இருப்பவர்கள் கேட்டால் யோகராஜாவுக்குப் பொய் வராது. "பெட்டி என்ர, பிள்ளை. உள்ளுக்க கிடக்கிறது சனத்தின்ர. சேலையும் குக்கரும் எனக்குத் தெரியும். இந்த நாடா ஒட்டின பெட்டிக்குள்ள என்ன எண்டுதான் தெரியாது."

றூபினியின் சிரிப்பு மறைந்தது. "அப்பிடியெண்டால் ஏத்த ஏலாது, அங்கிள். தந்தவையிட்டக் கேட்டுச் சொல்லுங்கோ."

"கேக்கிறதுக்கு என்ன," என்று யோகராஜா போனை எடுத்தார்.

"வேண்டாமப்பா!" செல்வமலர் அவர் கையைப் பிடித்தார். "மாஸ்டர் நித்திரையா இருப்பார்."

"பகல் பதினொரு மணிக்கோ?"

"பெட்டியை இஞ்சயே விட்டிட்டுப் போவம்."

"உடையிற சாமானெண்டு அந்த மனிசன் நம்பித் தந்ததை விட்டிட்டுப் போறதோ? என்ன கதை கதைக்கிறீர்?"

றூபினிக்கும் கேட்க வேண்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

"மாஸ்டர், எயார்போட்டில நிக்கிறம். உங்கட பார்சலுக்குள்ள என்ன எண்டு அதிகாரியள் கேக்கினம். உங்கட பேரைத்தான் குடுக்கப்போறன்."

"என்ர பேரையோ?" மாஸ்டரின் குரல் கிறீச்சிட்டது. அவர் ஊரில் ஆமிக்காரனுக்கும் லண்டனில் இமிக்கிரேசனுக்கும் பெயர் சொல்லிச் சொல்லியே பாதி ஆயுளைக் கழித்தவர். யாராவது பெயரை எழுதினாலே காய்ச்சல் வந்துவிடும்.

"ஓம் மாஸ்டர். பயப்பிடாதையுங்கோ, உங்கட மருமகளுக்கு என்ன அனுப்பிறியள் எண்டு மட்டும் சொல்லுங்கோ."

"ஐயோ தம்பி, பேரப்பிள்ளை கண்டவன் நான், என்னை மாட்டிவிடாதையும்! எனக்குத் திருச்சியில ஆர் இருக்கினம்? உம்மட மனிசிதானே தன்ர தங்கச்சிக்கெண்டு மூண்டு பார்சல் கட்டி, எனக்கொண்டு, துசியந்திக்கொண்டு, நிர்மலனுக்கொண்டு எண்டு பிரிச்சுத் தந்து, அதை உம்மட்டக் கொண்டுவந்து குடுக்கச் சொன்னவ!"