வனஸ்பதியில் நடந்த அறுபதாம் கல்யாணம்

அரைகுறையாகப் படித்தவர்களுக்குச் சந்தேகமே வருவதில்லை. எனக்கும் வந்ததில்லை. மனையியலில் ஒரு பட்டம், வாரப் பத்திரிகைகளிலிருந்து டாக்டர் குறிப்புகளைக் கத்தரித்து ஒட்டிய ஒரு நோட்டு. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இந்த இரண்டோடுதான் அஸ்தினாபுரத்துக்கு மருமகளாகப் போனேன்.

போன சில மாதங்களில் மாமனாருக்கு லேசாக நெஞ்சு வலி வந்தது. "கொழுப்பைக் குறைங்க" என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். "நம்ம வீட்டுலயே படிச்ச பொண்ணு இருக்கு. இனிமே அது சொல்றதுதான் சாப்பாடு" என்று மாமா சமையலறையை என்னிடம் ஒப்படைத்துவிட்டார். (எனக்குத் தலைகால் புரியவில்லை.) மறுநாளே தேங்காய்க்குத் தடை. முட்டையில் வெள்ளை மட்டும் மாமாவுக்கு, மஞ்சள் தெருப் பூனைக்கு. நெய்க்குப் பதிலாக வனஸ்பதி. மாட்டிலிருந்து வந்தால் கொழுப்பு, செடியிலிருந்து வந்தால் ஆரோக்கியம் என்று நோட்டில் இருந்தது.

மாமா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. மனிதர் என்னை நம்பிச் சாப்பிடுகிறார். நான் கொஞ்சம் அசந்து, அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

அதனால் அவருடைய அறுபதாம் கல்யாணத்தில்கூட நான் இளகவில்லை. "அன்னிக்கு ஒரு நாள் மட்டும் சக்கரைப் பொங்கல்ல நெய் ஊத்தலாமாம்மா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"இதயத்துக்கு நாள் கிழமை தெரியாது மாமா" என்றேன். (இருபத்து மூன்று வயது வாய்!)

கல்யாணத்துக்கு அமர்த்திய சமையல்காரர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "இன்னா மேடம், தேங்கா இல்லாம அவியலு, நெய் இல்லாம பொங்கலு... பேஜாரா கீதே! என் பேரு கெட்டுப்பூடும்."

குரோம்பேட்டை மண்டபத்தில் முதல் பந்தி. மாலையோடு மாமா, அத்தை. பக்கத்திலேயே மாமாவுக்கு வைத்தியம் பார்த்த இதய டாக்டர். பொங்கல் ஆறி, வனஸ்பதி உறைந்து, சாப்பிட்டவர்களின் மேலண்ணத்தில் மெழுகாக ஒட்டிக்கொண்டது. "இது கல்யாணச் சாப்பாடா, பத்தியமா?" என்று ஒரு குரல் வந்தது. நான் ஆதரவு தேடி டாக்டரிடம் ஓடினேன்.

"சார், நீங்களே சொல்லுங்க. நெய்யே போடல. முழுக்க வனஸ்பதிதான்!"

டாக்டரின் கை அப்படியே நின்றது. "வனஸ்பதியா? ஏம்மா, அது நெய்யைவிட மோசம்னு இப்ப சொல்றாங்களே!"

"அப்போ... தேங்காய்?"

"கூடாதுன்னு நான் சொல்றேன். தப்பில்லன்னு சொல்றவங்களும் இருக்காங்க."

"முட்டை மஞ்சள்?"

"அதுலயும் இப்ப குழப்பம்தான். எதையும் அளவா சாப்பிடுங்க" என்றவர், அவசரமாக ரசம் கேட்டார்.

பொங்கல் வாளியோடு பந்தி நடுவில் நின்று அழுதுவிட்டேன். "மன்னிச்சிடுங்க மாமா, இத்தனை மாசமா உங்களுக்குப் போயி..."

மாமா கோபப்படவில்லை. முப்பது வருடம் மின்சார ரயிலில் டிக்கெட் பரிசோதித்தவர். எச்சில் கையை இலையில் வைத்துக்கொண்டே, "அழாதம்மா. நீ வேணும்னா செஞ்சே? இனிமே எதைச் சொன்னாலும், சீசன் டிக்கெட் மாதிரி, எந்தத் தேதி வரைக்கும் செல்லும்னு சேர்த்துச் சொல்லிடு" என்றார். பந்தியே சிரித்தது. நானும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தேன்.

அதன் பிறகு மாமா நெடுநாள் நன்றாகவே இருந்தார். எதைச் சாப்பிட்டு, எதை விட்டு என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. இப்போதும் நான் "ஓட்ஸ் நல்லதாம்..." என்று வாயைத் திறந்தால் போதும், தாத்தா மடியில் உட்கார்ந்து இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த என் மகள் கையை நீட்டுகிறாள்:

"டிக்கெட்ட காட்டும்மா. என்னிக்கு வரைக்கும் செல்லும்?"