கண்ணுக்குத் தெரியாத கண்ணாடிக் கடை

வண்ணம் சொல்லிகள் என்றொரு இனம் உண்டு. உங்களுக்குத் தெரிந்தவர்கள்தான். தூரிகையைத் தொட்டிருக்க மாட்டார்கள், வீட்டுச் சுவருக்குக்கூட மனைவி சொன்ன நிறத்தைத்தான் அடித்திருப்பார்கள், ஆனால் அடுத்தவர் செய்த வேலையை முன்னால் வைத்தால் போதும், தலையைச் சாய்த்து, ஒற்றைக் கண்ணை இடுக்கி, "நல்லாத்தான் இருக்கு, ஆனா..." என்று இழுப்பார்கள். அந்த 'ஆனா'வில் மூன்று வாரம் போய்விடும்.

அப்படி ஒருவரிடம் மாட்டிக்கொண்டாள், இணையதளம் வடிவமைக்கும் பெண் ஒருத்தி. அவர் மூக்குக்கண்ணாடிக் கடை முதலாளி. தனியாகத் தொழில் தொடங்கிய அவளுக்கு இதுதான் முதல் வேலை. பக்கத்தின் அடியில் தன் பெயர் வரும், அதைப் பார்த்து நாலு பேர் கூப்பிடுவார்கள் என்று நம்பியிருந்தாள். வெள்ளையில் கறுப்பு எழுத்து, கடை முகவரி, தொலைபேசி எண் என்று எல்லாம் பளிச்சென்று தெரியும்படி முதல் மாதிரியைக் கொண்டுபோய்க் காட்டினாள்.

கறுப்பு கத்துகிறது என்றார் முதலாளி. சாம்பலாக்கினாள். சாம்பல் முறைக்கிறதாம். இன்னும் வெளுப்பாக்கினாள். பால் கலந்தது போல வேண்டும் என்றார். பிறகு அந்தப் பாலிலும் தண்ணீர் கலந்தது போல வேண்டும் என்றார். எழுத்தைப் படிக்க வேண்டாமா என்று அவள் மெல்லக் கேட்டதற்கு, படிக்கத்தான் புத்தகம் இருக்கிறதே, இணையப் பக்கம் உணர்வதற்கு என்று விளக்கினார். ஒன்பதாவது மாதிரியில் எழுத்து இருக்கிறதா என்று எழுதியவளுக்கே சந்தேகம். அவரோ கண் கலங்கிப் போனார்.

"இதுதாம்மா. இதைத்தான் நான் முதல்லேருந்து சொல்றேன்."

பக்கம் வெளியானது. மறுநாள் காலை கடை வாசலில் பதினெட்டுப் பேர். ஊரில் வேறு கண்ணாடிக் கடை கிடையாது; பக்கத்தைத் திறந்தால் ஒன்றுமே தெரியவில்லை, பார்வை போய்விட்டது என்று பதறியடித்து வந்தவர்கள். பேருந்து ஓட்டுநர் ஒருவர் வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, மகள் கையைப் பிடித்துக்கொண்டு, வழியைத் தடவித் தடவி வந்திருந்தார். கடையில் கண் சோதிப்பவர் முதலாளியின் மனைவி. ஒவ்வொருவராக உட்கார வைத்துச் சுவரிலிருந்த எழுத்து அட்டையைப் படிக்கச் சொன்னார். அத்தனை பேரும் கடைசி வரிவரை கடகடவென்று படித்தார்கள். ஓட்டுநர் மட்டும் சந்தோஷத்தில் இரண்டு தடவை படித்தார். ஒரு கண்ணாடிகூட விற்கவில்லை.

பத்தொன்பதாவதாக உட்கார்ந்தவள் பக்கத்தை வடிவமைத்த பெண். தன் பெயரையே தன்னால் கண்டுபிடிக்க முடியவில்லை என்றாள்.

மனைவிக்கு விஷயம் புரிந்துவிட்டது. கணவரைக் கூப்பிட்டுக் கணினித் திரைக்கு முன்னால் நிறுத்தினார்.

"ஏங்க, நம்ம கடை நம்பரைப் படிங்க."

அவர் குனிந்தார், நிமிர்ந்தார், பின்னால் போய்ப் போய் முதுகு சுவரில் முட்டியது.

"எனக்குத்தான் மனப்பாடமாத் தெரியுமே."

"படிக்கச் சொன்னேன்."

மனைவி அந்தப் பெண் பக்கம் திரும்பினார். "கறுப்பாக்கிடும்மா. கேட்டா, நான் சொன்னேன்னு சொல்லு."

அன்று மாலையே எழுத்தெல்லாம் கறுப்பாயிற்று. அடியில் அவள் பெயரும் தெரிந்தது. அந்த வாரமே இரண்டு பேர் வேலை கொடுக்கக் கூப்பிட்டார்கள். முதலாளி என்ன ஆனார்? இப்போது கண் சோதிக்கும் அட்டையின் முன்னால் நின்று, இதில் கறுப்பு கொஞ்சம் தூக்கலோ என்று யோசித்துக்கொண்டிருக்கிறார்.

அவர் கிடக்கட்டும். இதைப் படிக்கும்போது, ஓரத்தில் இன்னும் சற்று இடம் விட்டிருக்கலாமே என்று உங்களுக்கு எங்காவது தோன்றியதா? தோன்றியிருந்தால் உடனே யாரிடமாவது கண்ணைக் காட்டுங்கள். கண்ணில் ஒரு கோளாறும் இருக்காது.