மதிற்புறத்துச் சிலையின் வலக்கை

நெடுங்குடை நாட்டில் சிலைகளுக்குப் பஞ்சமில்லை. கோட்டை மதிலுக்கு வெளியே குடியிருந்து செங்கல் சுமக்கும் மதிற்புறத்தார் ஒரு கிணறு கேட்டார்கள். மன்னர் தம் சிலையை அனுப்பிவைத்தார். இரு கைகளையும் நீட்டி ஆசி வழங்கும் பெரிய சுதைச் சிலை. செய்தவர் மன்னரின் மைத்துனர். ஒருநாள் காலை, கல் சுமந்து போன சடைச்சியின் தோள்மேல் அதன் வலக்கை பெயர்ந்து விழுந்தது. எலும்பு முறிந்தது.

அரசுப் பொருளால் அடிபட்டவருக்கு அரண்மனை வைத்தியர் காசில்லாமல் எலும்பு கட்டவேண்டும் என்று சட்டம் இருந்தது. தீர்ப்பு வந்த பிறகுதான் கட்டவேண்டும் என்றும் இருந்தது.

சடைச்சி கையைத் துணியில் தொங்கவிட்டுக்கொண்டு ஏழையர் நியாய உதவி மண்டபத்துக்குப் போனாள். கூடச் சுமக்கும் ராக்குவும் போனாள்.

"கை உன்மேல் விழுந்ததா, கைக்கு அடியில் நீ போனாயா?" என்றார் வக்கீல் சிங்காரவேலர்.

"பாதை அதுக்கு அடியிலதான் சாமி போவுது. நான் என்ன காக்காவா, பறந்து போவ?"

"பார்த்துப் பேசு. எதிர்த்தரப்பு மன்னர்."

"நீங்க எந்தத் தரப்பு சாமி?" என்றாள் ராக்கு.

"எனக்குச் சம்பளம் தருகிற தரப்பு," என்றார் வக்கீல், ஒளிவுமறைவில்லாமல்.

நீதிபதி உடைந்த கையைப் பட்டுத்துணியில் வைத்துப் பார்வையிட்டார். தோளைப் பார்க்கவில்லை. "மன்னரின் இரு விரல்கள் ஒடிந்துள்ளன. இவளது தோளின் கடினமே காரணம். புதுக்கை பொருத்தும்வரை இவள் சிலையடியில் காவல் இருக்கக் கடவள்."

"உன் தோளு செஞ்ச அக்கிரமத்தப் பாத்தியாடி? மகாராசா விரலையே ஒடிச்சிருக்கு," என்றாள் ராக்கு, வெளியே வந்ததும்.

அடுத்து ஓர் ஆணை வந்தது. இனி விழும் உறுப்புகள் சேதப்படாதிருக்க, மதிற்புறத்தார் சிலையைக் கடக்கையில் தலையில் வைக்கோல் சும்மாடு வைக்கவேண்டும். வைக்கோல் எல்லாம் தலைக்குப் போனது, மாடுகள் மெலிந்தன.

காவல் இருந்த சடைச்சி அண்ணாந்து பார்த்துவிட்டுச் சேவகனிடம் சொன்னாள்: "கழுத்துல விரிசல் ஓடுது சாமி."

மறுநாள் பறையறைந்தார்கள். மன்னர் சிலையில் பழுது கிடையாது. உண்டு என்பவரின் நாக்கு அரசுடைமை.

இதற்குள் எலும்பு தன்பாட்டில் கோணலாய்க் கூடிவிட்டது. வக்கீல் மகிழ்ச்சியோடு வந்தார். "காயம் ஆறிவிட்டது. ஆகவே வழக்கும் தீர்ந்தது." சடைச்சியின் கை மார்புக்கு மேல் எழவில்லை. அந்தக் கையை வைத்துக்கொண்டு இனி அவளால் கல் தூக்க முடியாது.

ஐந்தாண்டுக்கு ஒருமுறை குடிகள் கைதூக்கி மன்னரைத் தேர்ந்தெடுக்கும் நாள் வந்தது. நல்ல வெயில். மதிற்புறத்துக்கு வந்த மன்னர் தம் சிலையடி நிழலில் போய் நின்றார். மதிற்புறத்தார் எல்லாரும் சும்மாட்டோடு நின்று கைதூக்கினார்கள். மன்னர் தலையில் கிரீடம் மட்டுமே இருந்தது, ஆணை குடிகளுக்குத்தான்.

"அவள் ஏன் கைதூக்கவில்லை?" என்றார் மன்னர். "அம்மா, இங்கே ஏதும் குறை உண்டா? அஞ்சாமல் சொல்."

சடைச்சி அண்ணாந்து பார்த்தாள். விரிசலுக்குள் இப்போது ஒரு கை நுழையும். கிரீடத்தின்மேல் பொடிப்பொடியாய்ச் சுதை உதிர்ந்துகொண்டிருந்தது. வக்கீல் சிங்காரவேலரும் பார்த்தார். பார்த்துவிட்டு, யாருக்கும் தெரியாமல் நான்கடி தள்ளி நின்றுகொண்டார்.

"ஒரு குறையும் இல்ல மகாராசா," என்றாள் சடைச்சி. "வெயிலு சுடுது. அங்கேயே நில்லுங்க."

மன்னர் நின்றார்.